வாய்ப் புத்தகத்தில் முன்னூற்றுப் பதினெட்டு

கோரமண்டல் பக்கத்துத் தங்கச் சுரங்க வாசலில் காத்தவராயன் பதினாறு வருஷம் வேலை பார்த்தான். என்ன வேலை என்று கேட்டால் நேராகப் பதில் வராது. 'கேட்டில் இருக்கிறேன்' என்பான். கேட்டில் இருந்தவர்கள் நாலைந்து பேர். ஒருவன் பித்தளை டோக்கன் கொடுத்து வாங்குவான், ஒருவன் இடுப்புத் துணியை உதறச் சொல்வான், ஒருவன் தலைமயிருக்குள் விரல் விட்டுத் துழாவுவான். காத்தவராயன் வாயைப் பார்ப்பான். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவன் எவனானாலும் அவன் எதிரே நின்று 'ஆ' என்று திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ஊரில் அவனுக்கு 'வாய் வாட்ச்மேன்' என்று பெயர்.

பூமிக்கடியில் தங்கம் கிடக்கிற ஊரில் திருட்டு வாய் வழியாகப் போனதில் அதிசயம் இல்லை. நாக்குக்கு அடியில் வைத்தார்கள், கன்னத்து மடிப்பில் வைத்தார்கள். சொத்தைப் பல்லின் குழியில் பொடியைத் திணித்து மேலே மெழுகு பூசிக்கொண்டு, பல்வலி என்று முனகியபடியே வெளியே போன கில்லாடிகளும் உண்டு. மெழுகுக்காரன் ஒருவன் பிடிபட்ட பிறகுதான் கம்பெனி ஒரு ஏற்பாடு செய்தது. தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று, டோக்கன் நம்பருக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வளைகோடு. மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று. விழுந்த பல்லுக்கு வட்டம், சொத்தைக்குப் பெருக்கல் குறி, உடைந்ததற்குச் சாய்ந்த கோடு. நேற்று வரை குழியாக இருந்த பல் இன்று நிரம்பியிருந்தால் ஆள் மாட்டிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் கிளாரன்ஸ், வேலூர்க்காரர், கோடு போட்டுக் கொடுத்தார். குறி போடக் காத்தவராயன் கற்றுக்கொண்டான். தன் பெயரை எழுதவே தடுமாறுகிறவன் ஐந்நூறு வாயை எழுதி வைத்திருந்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் அவனுக்கு அறவே பிடிக்காது. முன்னூற்றுப் பதினெட்டு. பொழுது போகாத வேளையில் அவன் புரட்டியதும் அதே பக்கம்தான்.

அதற்குக் காரணம் தங்கம்மா. காத்தவராயனின் தாய்மாமன் மகள். குடியாத்தத்துப் பக்கம் இருந்தபோதே இவனுக்கு அவள், அவளுக்கு இவன் என்று இரு வீட்டிலும் பேச்சு. இவன் சுரங்க வேலை தேடி இங்கே வந்தான், பின்னாலேயே மாமன் குடும்பமும் வந்தது. அப்போது இவன் கீழே பாறையைத் துளைக்கும் டிரில் பிடித்துக்கொண்டிருந்தான். தங்கம்மாவின் தாய் பார்வதம்மா ஒரு நாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்:

"இத பாரு, கீழ எறங்கறவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். காத்தால போறவன் சாயங்காலம் வருவான்னு யாரு எழுதிக் குடுக்கறது? மேல ஒரு வேலையப் பாத்துக்கினு வா."

இவன் மேஸ்திரி காலைப் பிடித்தான், கிளர்க்கு வீட்டுக்கு விறகு பிளந்து போட்டான், ஆறு மாதம் அலைந்து கேட்டு வேலையை வாங்கினான். வாங்கியதும் தலை நிமிர்ந்து மாமன் வீட்டு வாசலில் போய் நின்றான். பார்வதம்மா மூக்கைச் சுளித்தாள்.

"ஊரான் எச்சில்ல நாள் பூரா கைய வெக்கிறவன். அந்தக் கையில என் பொண்ணு சோறு போடணுமா? வேற எடம் பாரு நைனா."

அதோடு விட்டாளா? அடுத்த தையில் தங்கம்மாவைச் சம்பங்கிக்குக் கட்டிக் கொடுத்தாள். சம்பங்கி யார்? டிரில்காரன். நாள் தவறாமல் கீழே இறங்குகிறவன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? காத்தவராயன் கல்யாணத்துக்குப் போனான், பந்தியில் உட்கார்ந்தான், ஒரு வாய்கூட இறங்காமல் எழுந்து வந்தான்.

சம்பங்கி கெட்டவனாக இருந்திருந்தால் காத்தவராயனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கெட்டவனும் இல்லை. குடிக்க மாட்டான், கையை ஓங்க மாட்டான், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான். மனைவியின் அத்தை மகன் என்ற முறைக்கு இவனை 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அந்த வாய்தான் விஷயமே. முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. ஒரு சொத்தை இல்லை, ஒரு விரிசல் இல்லை. கீழ் வரிசையில் வலப்பக்கத்துக் கோரைப்பல் மட்டும் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்தாற்போல் கொஞ்சம் திரும்பியிருக்கும். அதுவும் அவன் சிரிக்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஐந்நூறு பக்கத்தில் வட்டமும் பெருக்கலும் இல்லாத பக்கம் அது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா வாயையும் புதிதாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். சம்பங்கியின் முறை வந்தால் காத்தவராயன் தகரக் கரண்டியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பான். ஒன்றாவது ஆடாதா, ஒன்றாவது கறுக்காதா என்று பார்ப்பான். எட்டு வருஷம் தட்டினான், ஒன்றும் ஆடவில்லை.

பல்லோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாய்க்குள் தங்கம்மாவின் அடுப்பு தெரிந்தது. மதியத்துக்குத் தூக்கில் எடுத்துப்போனதைக் கீழே சாப்பிட்டுவிட்டு மேலே வருவான். கடைவாயில் முருங்கைக்கீரை ஒட்டியிருக்கும். சில நாள் கருவாட்டு வாசனை. திங்கட்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமையின் ஈரல் வறுவல் மிச்சம் வந்திருக்கிறது என்று மிளகு வாசனை சொல்லிவிடும். வெற்றிலைச் சிவப்பின் அழுத்தத்தைப் பார்த்தே அவள் இன்றைக்குச் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருக்கிறாள் என்று கண்டுபிடிப்பான். அன்றைக்கு அவர்களுக்குள் சண்டை இல்லை என்று அர்த்தம். ஒரு நாள் வாயில் வெறும் உப்பு மிளகாய்க் கஞ்சி வாசனை வந்தது. காத்தவராயன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான். பிறகுதான் தெரிந்தது, அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், கஞ்சி வைத்தது பார்வதம்மா. ஆண் பிள்ளை. அந்தச் சந்தோஷமும் போயிற்று.

தன் அறைக்குப் போய் அவனும் அதே கீரையை வாங்கி அதே மாதிரி வதக்கிப் பார்ப்பான். ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. வேறு பெண் பார்க்கலாம் என்று சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தான். தங்கம்மாவோ தண்ணீர்க் குழாயடியில் எதிர்ப்பட்டால், "இன்னா மாமா, துரும்பா இளைச்சிக்கினே போற" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடத்தோடு போய்விடுவாள். அந்த 'மாமா' ஒன்றை வைத்துக்கொண்டு அவன் பத்து நாள் ஓட்டுவான். முறை இன்னும் இருக்கிறது, முறையை யாரும் பறிக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு திங்கட்கிழமை முற்பகலில், கீழே அடுக்கடுக்காகப் போகும் சுரங்க வழிகளில் ஒரு லெவலில் பாறை வெடித்தது. மேலே வீட்டுப் பானைகள் ஆடின. கூரை மொத்தமும் இறங்கி வழி அடைபட்டது. மேலே வந்தவர்கள் டோக்கனை மாட்டுகிற பலகையைப் பார்த்தார்கள். அந்த லெவலுக்கு இறங்கியவர்கள் ஐந்து பேர், அவர்களில் முன்னூற்றுப் பதினெட்டும் உண்டு. திங்கள் முழுக்கத் தோண்டினார்கள், விடிய விடியத் தோண்டினார்கள். செவ்வாய்க்கிழமை விடியலில் ஐந்தாவது உடலும் மேலே வந்தது. கணக்குச் சரியாகிவிட்டது என்று மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். மேலே இன்னும் பாறை தொங்குகிறது, இனி ஓர் ஆளையும் உள்ளே விடமாட்டேன், சாயங்காலத்துக்குள் மரம் அடித்துக் கல் நிரப்பி அந்த லெவலை மூடிவிட வேண்டும் என்று சுரங்கத்து மேலதிகாரி காப்டன் துரை உத்தரவு போட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஐந்து பேரையும் கிடத்தியிருந்தார்கள். ஒருவருக்கும் முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று பேரை அவரவர் வீட்டார் வந்து அடையாளம் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் சம்பங்கி. சட்டைப் பையில் முன்னூற்றுப் பதினெட்டு டோக்கன் இருந்தது. சட்டையின் தோளில் தான் போட்ட ஒட்டுத்தையலைப் பார்த்ததுமே தங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். மீதி இரண்டு பேரின் உடம்பில் துணியும் இல்லை, டோக்கனும் இல்லை. அப்போதுதான் கிளாரன்ஸுக்குப் பொறி தட்டியது. காலை எட்டு மணிக்குக் காத்தவராயனுக்கு ஆள் அனுப்பினார்.

"உன் புஸ்தகத்த எடுத்துக்கினு வா. இந்த ரெண்டு பேர் வாயையும் பாத்து யாரு இன்னான்னு சொல்லு."

அதுவரை திருடனைப் பிடிக்க மட்டுமே உதவிய புத்தகம் அது. காத்தவராயன் குனிந்து இரண்டு வாயையும் திறந்து பார்த்தான். புத்தகத்தைப் புரட்டாமலே நம்பரைச் சொன்னான். கிளாரன்ஸ் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு குறியாகச் சரிபார்த்தார். அச்சுப் பிசகவில்லை. "பலே" என்று முதுகில் தட்டிவிட்டு, காப்டனிடம் சொல்ல உள்ளே போனார்.

தாழ்வாரத்தில் காத்தவராயனும் ஐந்து பிணமும்தான். கடைசியில் கிடந்தது சம்பங்கி. காத்தவராயன் அவன் பக்கத்தில் போய்க் குந்தினான். துக்கம் வந்ததா என்றால் வரவில்லை. அவனுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் என்ன சோறு போட்டு அனுப்பினாள்? ஈரலா, கீரையா? செத்தவனிடமும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் பாழும் மனசு துடித்தது. தாடையைப் பிடித்து விலக்கினான்.

மேல் வரிசையில் இடப்பக்க முன்பல் பாதியில் சாய்வாக உடைந்திருந்தது. கீழே இரண்டு கடைவாய்ப்பல் இல்லை.

இது சம்பங்கியின் வாய் இல்லை. இருநூற்றாறு. ராஜப்பா. டிரில் கம்பி எகிறி அந்தப் பல் உடைந்த அன்று சாய்ந்த கோடு போட்டதே இவன்தான்.

எப்படி என்று யோசிக்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. ராத்திரி ஷிஃப்ட் ஆட்களுக்குக் கோடை வந்தால் பகலில் தூக்கம் கிடையாது. தகரக் கொட்டகை கொதிக்கும். அதனால் சிலர் டோக்கனை மட்டும் கூட்டாளியிடம் கொடுத்து மேலே மாட்டச் சொல்லிவிட்டு, காற்று வருகிற லெவலில் ஒதுக்குப்புறமாகத் துணியை விரித்துப் படுத்துவிடுவார்கள். பலகையைப் பார்த்தால் ஆள் வெளியே, உண்மையில் ஆள் கீழே. தொழிலாளிகள் எல்லாருக்கும் தெரிந்த இந்த வழக்கம் துரைமாருக்குத் தெரியாது. ராஜப்பா ராத்திரி ஷிஃப்ட்காரன், தனிக்கட்டை, தேட ஆள் இல்லை. திங்கள் விடியலில் கேட்டில் வாய் பார்த்தது வேறொருவன். ராஜப்பா சத்தம் கேட்டு எழுந்து ஓடியிருப்பான். வேலை செய்கிறவர்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள். இருட்டில் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டிருக்கிறான், அது சம்பங்கியின் சட்டை.

ஆக, உள்ளே இருந்தவர்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் அந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறான். செத்தோ, சாகாமலோ.

காத்தவராயன் தாடையை மெதுவாக மூடினான். கிளாரன்ஸ் திரும்பி வந்து, "இன்னா, ஒறவுக்காரனா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவன் அப்போது என்ன நினைத்தான் என்று பூசி மெழுக வேண்டாம். சாகட்டும் என்று நினைத்தான். நான் கொல்லவில்லை, கல் கொன்றது, கம்பெனி மூடுகிறது, பெண்டாட்டியே அவன்தான் என்று சொல்லி அழுதுவிட்டாள், இதில் எனக்கு என்ன வந்தது என்று நினைத்தான். அவர்கள் சாதியில் அறுத்துக் கட்டுவது, தாலி அறுத்தவளுக்கு மறுதாலி கட்டுவது, உண்டு. ஒரு வருஷம் போனால் முறை மாப்பிள்ளையைத்தான் முதலில் கேட்பார்கள். பார்வதம்மாவும் இந்தத் தடவை மூக்கைச் சுளிக்க மாட்டாள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி சம்பங்கி வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. பிணத்தைக் கொண்டுவந்து முகத்தைத் துணியால் மூடிக் கிடத்தினார்கள். பார்வதம்மா இவனைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கை என்று தள்ளிய அதே கை.

"நைனா, உன்ன வேணாம்னு சொன்ன பாவம்டா. என் பொண்ணு தலையில விழுந்துடுச்சி. இனிமே அவளுக்கு யாரு கீறா, சொல்லு? நீதாண்டா பாத்துக்கணும்."

எட்டு வருஷம் கழித்து வந்த வார்த்தை. காத்தவராயனுக்கு உள்ளுக்குள் இனித்தது. வெட்கம் கெட்டுப்போய் இனித்தது. அவன் முன்னால் நின்று மூங்கில் வெட்டினான், தேங்காய் வாங்க ஆள் அனுப்பினான், வீட்டுக்காரன் மாதிரி எல்லாரையும் அதட்டினான். இரண்டு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. கல்லுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு அது கேட்டிருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் அதட்டி உட்கார வைத்தான்.

பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். தங்கம்மா அதுவரை குரல் கட்டிப்போய்ச் சுவரோரம் கிடந்தவள், எழுந்து வந்து பிணத்தின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் பாடியது ஊர் பாடுகிற பாட்டு இல்லை. அவளுக்கு வந்ததைச் சொல்லி அழுதாள்.

"சோறு கொழைஞ்சாலும் நல்லா கீதுன்னு துன்னியே ராசா... உப்பில்லைன்னு ஒரு நாளு சொன்னதில்லையே ராசா... கல்லு ஒடைக்கிற கையால எனக்குக் கால் புடிச்சி உட்டியே... ஏழு ஜென்மம் ஆனாலும் உன்ன மாதிரி எவன் கீறான்..."

காத்தவராயன் கேட்டுக்கொண்டு நின்றான். கால் பிடித்துவிட்டானா? இது வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இல்லை. இன்னும் என்னென்ன இருக்கிறதோ! அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காய்ச்சலில் கிடந்தபோது அவன் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தது. பிள்ளைக்குப் பேர் வைக்க அவளையே கேட்டது. சந்தையில் வளையல் வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றும் காத்தவராயனின் நெஞ்சில் இறங்கியது. அவள் அழுவது ராஜப்பாவின் பிணத்தின்மேல் என்பதுகூட அவனுக்கு எரிச்சலாக இருந்தது. இந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு தனக்கு வருமா என்று பார்த்தான். வராது.

இவளைக் கட்டிக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தினமும் அவள் சோறு போடுவாள். போடும்போது, உப்பில்லை என்று ஒரு நாளும் சொல்லாதவனை நினைப்பாள். உயிரோடு இருக்கிற சம்பங்கிக்கு என்றாவது ஒரு பல் ஆடும், கோபம் வரும், கை ஓங்கும், அவளுக்கு அலுக்கும். செத்த சம்பங்கிக்கு ஒன்றும் ஆகாது. முப்பத்திரண்டு பல்லோடு அவள் மனசில் சிரித்துக்கொண்டே இருப்பான். அவனோடு தான் எந்தக் காலத்திலும் போட்டி போட முடியாது. நாசமாகப் போக, அந்தச் சம்பங்கி சாகக் கூடாது!

அவனை நல்லவன் என்று சொன்னவர்கள் பின்னாளில் பல பேர். காத்தவராயனுக்கு மட்டும் தெரியும், எட்டு மணிக்கு அவன் வாயை அடைத்ததும் பொறாமை, ஒன்றரை மணிக்குத் திறந்ததும் அதே பொறாமை.

"நிறுத்துங்க," என்று கத்தினான். "கடைசியா ஒரு தடவ பாக்கறேன்." மாமன் வீட்டுப் பாசம் என்று ஜனங்கள் வழி விட்டார்கள். முகத்துத் துணியை விலக்கித் தாடையைத் திறந்தான். அப்போதுதான் கண்டுபிடித்தவன்போல் திகைத்து நின்றான். அந்த நடிப்பும் அவனுக்கு நன்றாகவே வந்தது.

"இது சம்பங்கி இல்ல! ராஜப்பா! பல்லப் பாருங்க, பல்லப் பாருங்க!"

பார்வதம்மா இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள். தங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கிளாரன்ஸை இழுத்துக்கொண்டு காப்டன் ஆபீசுக்கு ஓடினான். காப்டன் முதலில் நம்பவில்லை. டோக்கன் சொல்வதை விடுத்து ஒரு வாட்ச்மேன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார். கிளாரன்ஸ் புத்தகத்தை மேஜைமேல் விரித்தார். முன்னூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு குறியும் இல்லை. இருநூற்றாறாம் பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடும் இரண்டு வட்டமும். காப்டன் பந்தலுக்கே வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பல்லையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்தவர் கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் குழிப் பக்கம் வேகமாக நடந்தார். அங்கே வழியை மூட மரம் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு மறுபடியும் தோண்டினார்கள். ஆறு மணிக்கு மேல் சம்பங்கியைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. ஒரு மரக்கட்டை வலது முழங்காலுக்குக் கீழே நசுக்கிப் பிடித்திருந்தது. அன்றைக்கே அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கிளாரன்ஸ் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உன் புண்ணியத்துல ஆளு பொழைச்சான். அஞ்சாறு மணி நேரம் முன்னாடியே தூக்கியிருந்தா காலும் மிஞ்சியிருக்கும். இன்னா பண்றது, உனக்கே அப்பதான தெரிஞ்சிது."

காத்தவராயன் தலையை ஆட்டினான்.

சம்பங்கி பேசத் தொடங்கியதும் முதலில் அவனைத்தான் கூப்பிட்டனுப்பினான். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணே, விடியற நேரத்துல மம்மட்டி சத்தம் கிட்ட கேட்டுது அண்ணே. வந்துட்டாங்கன்னு கத்தினேன். தொண்டையில சத்தம் வல்ல. அப்பறம் சத்தம் நின்னு போச்சி. அவ்ளோதான், மறந்துட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். அங்கயே படுத்துக்கினு நேரத்த எண்ணினேன். மறுபடியும் கேட்டப்ப நான் சாமி வந்துதுன்னுதான் நெனச்சேன்." அவன் சிரித்தான். அந்தப் பல்லில் ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை.

அந்த வாரம் முழுக்க ஊரில் வாய்ப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்துப் பாலகாட் சுரங்கத்திலிருந்து ஒரு துரை வந்து அதைப் புரட்டிப் பார்த்து, தன் சுரங்கத்துக்கும் அதேபோல் ஒன்று எழுதச் சொன்னார். பிறகு வந்த வருஷங்களில் கீழே எங்கே என்ன நடந்தாலும், முகம் தெரியாமல் எவன் கிடந்தாலும், காத்தவராயனைத்தான் அழைத்துப்போனார்கள். போனதும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க மாட்டான். பார்த்த மறுகணம் நம்பரைக் கத்திச் சொல்வான். ஏன் இப்படிக் கத்துகிறான் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

அதெல்லாம் பின்னாடி. சம்பங்கி ஆஸ்பத்திரியில் இருந்த பத்தாம் நாள், காத்தவராயன் கேட்டில் பகல் ஷிஃப்ட் முடியக் காத்திருந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு தங்கம்மா வந்து எதிரே நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. 'மாமா' என்று கூப்பிடுவாள் என்று இவன் நிமிர்ந்தான். இன்றைக்காவது அந்த வார்த்தையில் கொஞ்சம் ஈரம் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான்.

"அண்ணா," என்றாள்.

யாரையோ கூப்பிடுகிறாள் என்று இவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"உன்னத்தான் அண்ணா. எட்டு வருசம் கூட இருந்தவ நானு. சட்டையப் பாத்துட்டு அவருதான்னு சொல்லிட்டேன். நீ இல்லன்னா உசுரோட இருந்தவர உள்ள வெச்சி மூடியிருப்பாங்க, நானும் எவனையோ பொதைச்சிட்டுத் தாலிய அறுத்துக்கினு இருந்திருப்பேன். கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்ய மாட்டான். எனக்குத்தான் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியே. இனிமே மாமான்னு கூப்புட வாய் வரல. அவராண்ட சொன்னேன், அவரும் சரின்னுட்டாரு. நீதான் எனக்கு அண்ணன்."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'எட்டு மணிக்கே எனக்குத் தெரியும்.' சொன்ன நிமிஷம் இந்த அண்ணன் பட்டம் பறந்துவிடும். கூடவே அந்தக் காலும் வந்து நடுவில் நிற்கும். அவள் முகம் எப்படி மாறும் என்று அவனால் பார்க்க முடிந்தது.

அவள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி அவன் பக்கமாக நீட்டினாள்.

"இவனுக்கு மொட்டையடிச்சிக் காது குத்தணும். வர ஆவணியில வெச்சிக்கலாம்னு கீறோம். தாய்மாமன் மடியிலதான ஒக்கார வெக்கணும், நீ வந்துடு அண்ணா. மடியில வாங்கிக்கோ, பழகட்டும்."

சங்கு ஊதியது. கேஜ் மேலே வருகிற சத்தம் கேட்டது. காத்தவராயன் கையிலிருந்த தகரக் கரண்டியைக் கீழே வைத்தான், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

"சரிம்மா," என்றான்.